பெரிய பேட்டரியில் 82 சதவீதம், ஆனாலும் வண்டி நகரவில்லை: சின்ன பேட்டரி தந்த அலைச்சல்

மின்சார கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் போகும் என்பதைத்தான். நானும் அதைத்தான் கேட்டேன். அந்த வண்டிக்குள் 12 வோல்ட்டில் இன்னொரு சின்ன பேட்டரி இருக்கிறது, அது மக்கர் செய்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி வாசலைத் தாண்டாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்குச் செலவான பணமும் தூக்கமும் கொஞ்சமல்ல. காங்கேயத்தில் கொப்பரை வியாபாரம் செய்கிறேன். திருப்பூர், ஈரோடு, கோவை என்று அலைவதற்காகவே டீசல் வண்டியைக் கொடுத்துவிட்டு இதை வாங்கினேன். இந்தப் பக்கம் மின்சார கார்கள் இப்போது நிறையத் தென்படுகின்றன. அவற்றை வைத்திருப்பவர்களில் ஒருவராவது என்னைப் போல் அலையாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அம்மாவுக்குக் கோவையில் கண் ஆபரேஷன். காலை 7 மணிக்குள் வந்துவிடச் சொல்லியிருந்தார்கள். முந்தின இரவு திரையில் 82 சதவீதம் என்று பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். விடியற்காலை நாலரை மணிக்குச் சாவியை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. ரிமோட்டுக்குள் செருகியிருக்கும் இரும்புச் சாவியை எடுத்துத் திறந்தேன். திரை ஒரு தரம் மின்னி அணைந்தது. முன்பக்கம் எங்கோ ரிலே டக் டக்கென்று அடிக்கிறது, வண்டி உயிர் பிடிக்கவில்லை. சார்ஜ் போட்டால் எழுந்துகொள்ளும் என்று வீட்டு சார்ஜரைச் செருகினேன். அதுவும் ஏறவில்லை. அம்மா ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்தையும் பயத்தையும் இன்னும் மறக்க முடியவில்லை. தெரிந்தவர் ஒருவரை எழுப்பி டாக்ஸி பிடித்து, 2,800 ரூபாய் கொடுத்து எப்படியோ போய்ச் சேர்ந்தோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இது புரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. காரை ஓட்டும் பெரிய பேட்டரியில் சில நூறு வோல்ட் இருக்கும். வண்டி அணைந்திருக்கும்போது பாதுகாப்புக்காக அதை மற்ற பாகங்களிலிருந்து முழுவதுமாகத் துண்டித்து வைத்திருப்பார்கள். துண்டிப்பதும் சேர்ப்பதும் கான்டாக்டர்களின் வேலை. நம் போர் மோட்டார் ஸ்டார்ட்டரில் இருக்கிற அதே வகைச் சாமான்தான். அந்தக் கான்டாக்டரின் காயிலை இழுக்கச் சின்ன பேட்டரியின் 12 வோல்ட் வேண்டும். கதவுப் பூட்டு, திரை, பிரேக் கம்ப்யூட்டர், பெரிய பேட்டரியைக் கண்காணிக்கும் கம்ப்யூட்டர், சார்ஜரோடு பேசும் பகுதி எல்லாமே அந்த 12 வோல்ட்டில்தான் விழிக்கின்றன. அதனால்தான் சார்ஜ் போட்டும் ஏறவில்லை. பெட்ரோல் வண்டியில் பேட்டரியை ஏற்ற ஆல்டர்னேட்டர் இருக்கும். இங்கே அதற்குப் பதில் டிசி-டிசி கன்வெர்ட்டர். பெரிய பேட்டரியின் மின்சாரத்தைச் சுமார் 14 வோல்ட்டாகக் குறைத்துச் சின்னதற்குக் கொடுக்கும். வண்டி 'ரெடி' நிலையில், அதாவது ஓட்டத் தயாராக எழுந்து நிற்கும்போதும், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதும் அது வேலை செய்யும். சில மாடல்களில் சும்மா நிற்கும்போதும் அவ்வப்போது விழித்து ஏற்றிக்கொள்ளும், எல்லா மாடலிலும் அப்படி இல்லை. உங்கள் வண்டி எந்த வகை என்று மேனுவலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ரெக்கவரி வண்டியில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன், அதற்கு 4,200 ரூபாய். பேட்டரி டெஸ்டரை வைத்துப் பார்த்து, சின்ன பேட்டரி போய்விட்டது என்றார்கள். புதிது 6,300. மாற்றியதும் வண்டி ஒழுங்காக ஓடியது. வண்டிக்கு மூன்று வருடம் தாண்டிவிட்டது, பேட்டரிக்கு ஆயுசு முடிந்திருக்கும் என்று நானும் நம்பினேன். பல நிறுவனங்கள் பெரிய பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன. அந்த எண்ணைப் பார்த்துச் சின்ன பேட்டரிக்கும் அதுதான் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்குத் தனி வாரண்டி, காலமும் குறைவு.

புதுப் பேட்டரி போட்டுக் கொஞ்ச காலத்திலேயே சென்னிமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது மறுபடியும் படுத்துவிட்டது. மண்டபத்து வாசலில் இடம் இல்லாமல் நாலைந்து வண்டிகளை மறித்துத்தான் நிறுத்தியிருந்தேன், பந்தி முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று. வந்து பார்த்தால் அதே டக் டக் சத்தம். நாலு பேர் சேர்ந்து தள்ளலாம் என்றால் பார்க்கிங் பிரேக் மின்சாரத்தில் வேலை செய்வது. 12 வோல்ட் இல்லாமல் அது விடாது, நியூட்ரலுக்கும் மாற்ற முடியாது. பொண்ணு வீட்டுப் பெரியவர்கள் வந்து நிற்கிறார்கள், பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள், எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. கடைசியில் டிராக்டர் பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து ஒயர் கொடுத்து எழுப்பினோம். அந்த ஒரு மணி நேரத்தில் பட்ட அவமானம், செலவழித்த பணத்தை விடப் பெரியது.

இந்தத் தடவை சர்வீஸ் சென்டரில் சொன்னது வேறு. பேட்டரி புதிது, அதில் குறை இல்லை. வண்டி 'ரெடி'யில் இருக்கும்போது பேட்டரியில் 14 வோல்ட் வர வேண்டும், 12.8தான் வருகிறது, எனவே கன்வெர்ட்டர் ஏற்றவில்லை. அது வண்டிக்குள் இருக்கும் சார்ஜரோடு சேர்ந்த ஒரே பெட்டி, முழுதாகத்தான் மாற்ற வேண்டும், 85,000 ரூபாய் ஆகும், வரவழைக்க மூன்று வாரம். பொது வாரண்டி முடிந்திருந்ததால் முழுப் பணமும் என்னுடையது. அன்று இரவு தூக்கமே வரவில்லை. விற்றுவிடலாம் என்றார் வீட்டம்மா. எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. ஆனால் 85,000 ரூபாய் கொடுப்பதற்கு முன்னால் அவர்கள் சொன்னது சரிதானா என்று எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திருப்பூரில் 650 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கினேன். ஓபிடி என்று சொல்லும், வண்டியின் கம்ப்யூட்டரைச் சோதிக்கும் சாக்கெட்டில் செருகிக் கைபேசியில் படிக்கும் புளூடூத் கருவியும் ஒன்று, 1,200. மீட்டர் பிடிக்கத் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பிளஸ் டெர்மினலிலும் கறுப்பை மைனஸிலும் தொட்டால் போதும், இந்த 12 வோல்ட் பக்கத்தில் ஷாக் அடிக்காது. பிளஸ்ஸிலிருந்து பாடிக்கு ஸ்பானர் பட்டுவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், தீப்பொறி பறக்கும். ஆரஞ்சு நிறத்தில் தடித்த ஒயர்கள் தெரியும், அவை பெரிய பேட்டரியுடையவை. அவற்றையோ அவை போய்ச் சேரும் பெட்டிகளையோ தொடவே கூடாது. உயிர் போகும் மின்சாரம் அது, பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமான வேலை.

இரவு முழுக்க நிறுத்தி வைத்த வண்டியில் காலையில் அளந்தால்தான் பேட்டரியின் உண்மை நிலை தெரியும். ஓட்டி முடித்த உடனே அளந்தால் மேலோட்டமாக அதிகம் காட்டும். சாதாரண லெட் ஆசிட் பேட்டரி என்றால் 12.6, 12.7 இருந்தால் நிறைந்திருக்கிறது என்று பொருள். 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். எனக்கு 12.1 காட்டியது. அப்புறம் வண்டியை 'ரெடி'க்குக் கொண்டுபோய் அளந்தேன். சர்வீஸ் சென்டர் சொன்ன அதே 12.8. சரி, அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் ஓபிடி கருவியில் கன்வெர்ட்டரின் வெளியீடு 14.1 என்று காட்டியது. கன்வெர்ட்டர் 14.1 கொடுக்கிறேன் என்கிறது, பேட்டரிக்கு வந்து சேர்வது 12.8. நடுவில் 1.3 வோல்ட் எங்கே போகிறது? இந்தக் கேள்வியை அந்த சர்வீஸ் சென்டரில் ஒருவராவது கேட்டிருந்தால் என் அலைச்சல் அங்கேயே முடிந்திருக்கும்.

இதற்கு நடுவில் ஒரு வாரம் வேறு திசையில் போனது. கன்வெர்ட்டர் எல்லாம் இல்லை, டேஷ்கேம்தான் இரவில் பேட்டரியைக் குடிக்கிறது என்றார் நண்பர் ஒருவர். அது நியாயமான சந்தேகம்தான். பார்க்கிங் மோடில் ஓடும் டேஷ்கேம், ஜிபிஎஸ் கருவி, செருகியபடியே விட்ட ஓபிடி கருவி, அடிக்கடி வண்டியின் நிலையைக் கேட்டுக்கொண்டே இருக்கும் கைபேசி ஆப் இவையெல்லாம் வண்டியைத் தூங்க விடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அரை ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் ஹவர், 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி மூன்றாம் நாள் காலி. தூங்கிய வண்டி பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள்தான் எடுக்கும், அந்தக் கணக்கில் ஒரு மாதம் தாங்கும். அளப்பதற்கு மைனஸ் கேபிளைக் கழற்றி நடுவில் மீட்டரை ஆம்பியர் நிலையில் இணைக்க வேண்டும். சாவியை வீட்டுக்குள் தள்ளி வைத்துவிடுங்கள். பானட் திறந்திருந்தால் வண்டி விழித்தே இருக்கும், அதனால் பூட்டின் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி மூடியது போல் ஆக்கிவிடுங்கள். முதலில் சில ஆம்பியர் காட்டும், அரை மணியிலிருந்து ஒரு மணி வரை பொறுத்தால் இறங்கும். மீட்டர் நடுவில் இருக்கும்போது கதவைத் திறக்காதீர்கள், வண்டி விழித்தால் மீட்டரின் 10 ஆம்பியர் ஃபியூஸ் போய்விடும். எனக்கு 30 மில்லி ஆம்பியரில் வந்து நின்றது. கசிவு இல்லை, டேஷ்கேம் மேல் குற்றம் இல்லை. ஒரு வாரம் போனாலும் அந்தச் சந்தேகம் தீர்ந்ததே நல்லது.

முடிச்சை அவிழ்த்தது கரூர் ரோட்டில் லாரிகளுக்கு வயரிங் பார்க்கும் ஓர் அண்ணன். எங்கள் கொப்பரை லோடு ஏற்றும் லாரிக்காரர்தான் அழைத்துப் போனார். மின்சார காரை அவர் அதற்கு முன் தொட்டதே இல்லை. நான் எழுதி வைத்திருந்த எண்களை வாங்கிப் பார்த்துவிட்டு, "பெட்டி மாத்தறது அப்புறம் இருக்கட்டுங்க தம்பி, மொதல்ல எர்த்து சரியா இருக்குதான்னு பார்த்தீங்களா?" என்றார். வண்டியை 'ரெடி'யில் வைக்கச் சொன்னார். சிவப்பு முனை பிளஸ் டெர்மினலில் இருந்தபடியே இருக்க, கறுப்பு முனையை மைனஸ் டெர்மினலில் தொட்டார், 12.8. அதே கறுப்பு முனையை எடுத்து, பாடியில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் தொட்டார், 14.1. "மோட்டாரும் நல்லா இறைக்குது, தொட்டியும் ஓட்டையில்லைங்க, நடுவுல குழாய்ல அடைப்பு" என்றார். மைனஸ் டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரே ஒரு கேபிள்தான், எர்த் என்று அவர் சொன்னது இதைத்தான். அதன் இரண்டு முனைக்கும் மீட்டர் வைத்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், எனக்கு 1.3 இருந்தது.

பத்தாம் நம்பர் ஸ்பானரால் டெர்மினலைக் கழற்றி, பாடியில் கேபிள் சேரும் போல்ட்டையும் கழற்றினோம். மேலே பார்த்தால் எல்லாம் சுத்தம். கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையமான லக்குக்கு அடியில் பச்சைப் பச்சையாகப் பூத்து, போல்ட் உட்காரும் இடத்தில் துரு ஏறியிருந்தது. வாட்டர் சர்வீஸில் பானட்டைத் திறந்து அடிக்கும் தண்ணீராக இருக்கும் என்றார் அண்ணன். நம் பக்கம் போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும், குடத்தில் படிவதைப் பார்க்கிறோமே. மின்சார கார் வைத்திருப்பவர்கள் பானட்டுக்குள் தண்ணீர் அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஈரத் துணியால் துடைத்தால் போதும். அவர் பழைய லக்கை வெட்டிவிட்டு ஈயம் பூசிய புதுச் செப்பு லக் அடித்து, போல்ட் உட்காரும் இடத்தை வெறும் இரும்பு தெரியும் வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே வாஸ்லின் தடவினார். கூலியும் சாமானும் சேர்த்து 450 ரூபாய். 'ரெடி'யில் வைத்துப் பார்த்தோம். பேட்டரியில் 14.1, எர்த் கேபிளில் 0.03. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோது எல்லாம் வரிசையாகப் புரிந்தது. கோவைக்குப் போய் வந்த வாரங்களில் தொல்லை வந்ததில்லை, காங்கேயத்துக்குள்ளேயே சுற்றிய வாரங்களில்தான் வந்தது. அழுக்கேறிய இணைப்பு சார்ஜை முழுதாகத் தடுப்பதில்லை, மெதுவாக்குகிறது. பேட்டரி நிறைய நிறைய அது எடுக்கும் ஆம்பியர் குறையும், ஆம்பியர் குறைந்தால் இணைப்பில் விழும் வோல்ட்டும் குறையும். அதனால் நீண்ட நேரம் ஓடினால் எப்படியோ ஏறிவிடும், பத்து நிமிட ஓட்டத்தில் ஏறாது. பேட்டரி முழுக்கக் காலியாகாமலே வண்டி எழாமல் போனதற்கும் இந்த இணைப்புதான் காரணம். விழிக்கும்போது கன்வெர்ட்டர் இன்னும் ஓடவில்லை, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சேர்த்துச் சின்ன பேட்டரி ஒன்றே அந்த இணைப்பு வழியாகக் கொடுக்க வேண்டும். அந்தத் தடையில் வோல்ட் விழுந்து, கான்டாக்டர் இழுக்காமல் நின்றுவிடுகிறது. முதல் பேட்டரி உண்மையிலேயே கெட்டிருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். லெட் ஆசிட் பேட்டரியை அரைகுறை சார்ஜிலேயே வைத்திருந்தால் தகட்டில் சல்பேட் இறுகி அது கெடும். சார்ஜ் ஏறாமல் இருந்ததுதான் அதைக் கெடுத்தது. புதியதும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது.

நடுவழியில் உங்களுக்கு இப்படி நேர்ந்தால், நல்ல 12 வோல்ட் பேட்டரியோ கையடக்க பூஸ்டரோ இருந்தால் எழுப்பிவிடலாம். பிளஸ்ஸை முதலில் பிளஸ்ஸோடும், மைனஸை மேனுவல் சொல்லும் எர்த் இடத்திலும் கொடுங்கள். 'ரெடி' வந்ததும் கழற்றிவிடலாம், அதன்பின் கன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும். சின்ன பேட்டரி பின்பக்கம் டிக்கியில் இருந்து, டிக்கி மின்சாரத்தில் திறக்கும் மாடல் என்றால், அது செத்தபின் எப்படித் திறப்பது என்று இன்றே பழகி வைத்துக்கொள்ளுங்கள். சில புது வண்டிகளில் சின்னதும் லித்தியம் பேட்டரியாகவே வருகிறது. அதற்கு லெட் ஆசிட் சார்ஜரைப் போடக் கூடாது, நான் சொன்ன வோல்ட் அளவுகளும் அதற்குப் பொருந்தாது. பக்கத்து வீட்டு டீசல் வண்டி செல்ஃப் எடுக்கவில்லை என்று உங்கள் மின்சார காரிலிருந்து ஒயர் கொடுக்காதீர்கள். டீசல் ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும், இந்தச் சின்ன பேட்டரியும் கன்வெர்ட்டரும் அதற்கானவை அல்ல.

கன்வெர்ட்டரே கெடுவதும் உண்டு, அதை மறுக்கவில்லை. 2024ல் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் சார்ஜரும் கன்வெர்ட்டரும் சேர்ந்த பெட்டியில் வந்த குறைக்காக, 12 வோல்ட் பேட்டரி ஏறாமல் போகிறது என்று சொல்லி, அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்சார கார்களைத் திரும்ப அழைத்தன. இந்தியாவிலும் அழைத்தார்கள். என் வண்டி அவை இல்லை. ஆனாலும் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, இந்த வண்டிக்கு ரீகால் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இருந்தால் இலவசமாகவே சரிசெய்து தருவார்கள்.

எர்த் சரியான பிறகு சர்வீஸ் சென்டருக்குப் போய் இரண்டு அளவுகளையும் காட்டினேன். மேலாளர் பொறுமையாகக் கேட்டார், ஜாப் கார்டில் எழுதிக்கொண்டார். பேட்டரிக்குக் கொடுத்த பணமும் ரெக்கவரிக்குக் கொடுத்த பணமும் திரும்பவில்லை. உங்களுக்கு யாராவது பெரிய பாகத்தை மாற்றச் சொன்னால், பேட்டரி முனையில் எவ்வளவு, பிளஸ்ஸிலிருந்து பாடிக்கு எவ்வளவு, ஸ்கேனரில் கன்வெர்ட்டர் வெளியீடு எவ்வளவு என்று மூன்றையும் 'ரெடி' நிலையில் உங்கள் கண் முன்னால் அளந்து ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்றும் 14ஐ ஒட்டி இருந்தால் சார்ஜ் வழியில் குறை இல்லை, பேட்டரியையும் இரவுக் கசிவையும் பாருங்கள். மூன்றும் 12 சொச்சத்திலேயே நின்றால் கன்வெர்ட்டரையும் அதன் ஃபியூஸையும் சந்தேகிக்கலாம். ஸ்கேனரில் 14 இருந்து, பேட்டரி முனையிலும் பாடிக்கும் இரண்டிலுமே குறைவாக வந்தால் அடைப்பு பிளஸ் பக்கக் கேபிளில். பாடிக்கு மட்டும் 14 வந்தால் எர்த்.

மீட்டர் வாங்கும்போது கேபிளைக் கழற்றாமலே ஆம்பியர் பார்க்க கிளாம்ப் மீட்டர் வாங்கலாம், வேலை சுலபம். ஆனால் கடையில் குறைந்த விலைக்கு எடுத்துத் தருவது பெரும்பாலும் ஏசி ஆம்பியர் மட்டும் அளப்பது, கார் பேட்டரிக்கு அது உதவாது. டிசி ஆம்பியர் என்று மாடலில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.